பதினேழாம் தொகுதியின் இடுப்பு

பதினேழாம் தொகுதியின் முதல் உறுப்பினருக்கு, அவர் வென்றதாக அறிவித்த நாலாவது நிமிடத்தில், இடது முழங்காலுக்குள் ரயில் ஓட ஆரம்பித்தது. கைகுலுக்க வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தத் தடதடப்பு கேட்டது. அவர் பெயிண்ட் கடைக்காரர். ஆயுளில் ஒருநாள்கூடப் படுக்கையில் விழாதவர். மருத்துவர் வந்து முழங்காலில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "இன்னைக்கும் அஞ்சு நிமிஷம் லேட்டு" என்றார். அதே ரயிலில்தான் மருத்துவர் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரே வாரத்தில் விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. யார் ஜெயிக்கிறாரோ அவர் உடம்பில் தொகுதி குடியேறிவிடுகிறது. வடக்கே மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடம் தலை. அதற்குக் கீழே சோப்புத் தொழிற்சாலை மூக்கு, அரசுப் பள்ளி இடது காது, சந்தை வயிறு, மணிக்கூண்டுத் தெரு இடுப்பு, ரயில்வே கேட் இடது முழங்கால், தெற்கே வாய்க்கால் ஓரத்துத் தாழ்வான தெருக்கள் இரண்டு பாதங்கள். மேட்டில் இருப்பவர்களுக்குத் தலைமாட்டுக்காரர்கள் என்றும் வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கால்மாட்டுக்காரர்கள் என்றும் பெயர் வந்தது அப்போதுதான். கேட்டின் தண்டவாளத்தை அந்த வருடமே மாற்றினார்கள், பெயிண்ட் கடைக்காரரின் முழங்கால் சரியானது. நம் தொகுதியில் அந்தக் காலத்தில் வேலை நடந்ததற்குக் காரணம் கொள்கை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். கொள்கை எல்லாம் இல்லை, மூட்டுவலி.

மற்ற தொகுதிகளில் சீட் கிடைக்காதவர்கள் கட்சி அலுவலகத்தின் நாற்காலிகளை உடைப்பார்கள். நம் தொகுதியில் சீட் கிடைத்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். வேட்புமனுவோடு மருத்துவச் சான்றிதழும் இணைக்க வேண்டும் என்றானது. பிரசாரத்துக்கு வருகிறவர்களைத் தக்காளி வாங்குவதுபோல அங்கங்கே அழுத்திப் பார்த்துத்தான் வாக்குறுதி கேட்டோம். அப்படித் தேர்ந்தெடுத்தவர்தான் பயில்வான். உடற்பயிற்சிக்கூடம் வைத்திருந்தார், கழுத்து தொடை அகலம், ஒன்பதாயிரம் வாக்கு வித்தியாசம். வலியை வலிமையால் வெல்லலாம் என்பது அவர் கணக்கு. ஜெயித்த மறுநாள் விடியற்காலை ஐந்நூறு தடவை உட்கார்ந்து எழுந்தார். ரயில்வே கேட் ஐந்நூறு தடவை ஏறி இறங்கியது. இரண்டு பேருந்துகளும் ஒரு ரொட்டி வண்டியும் நடுவில் மாட்டிக்கொண்டன. தொகுதிக்கு வருவது உறுப்பினருக்கு வருவதுபோல, உறுப்பினர் செய்வது தொகுதிக்கும் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம். இரண்டாம் வருடம் முதுகு பிடித்துக்கொண்டு பயில்வான் ராஜினாமா செய்தார். கடிதம் சட்டசபைக்குப் போய்ச் சேர்ந்தது, முதுகுக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்தவர் ஜெயித்ததாக அறிவித்த நிமிடம்தான் வலி அவரை விட்டது. தோற்ற கட்சிக்காரரான பயில்வான் ஜெயித்தவரைக் கட்டிப்பிடித்து ஆனந்தக் கண்ணீர் விட்டதை அன்றைக்கு நாடே பார்த்தது. அரசியல் நாகரிகம் என்று தலையங்கம்கூட எழுதினார்கள்.

ஜெயித்த அடுத்தவர் மருந்துக்கடைக்காரர். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று தம் கடை வலி மாத்திரையையே விழுங்கி, மூன்று தேர்தல், பதினைந்து வருடம், சட்டசபையில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். "என் தொகுதியில் ஒரு குறையும் இல்லை" என்று அவர் பேசியதெல்லாம் சத்தியம். அவருக்கு எதுவும் வலிக்கவில்லை. சங்கடம் என்னவென்றால், நமக்கும் வலிக்கவில்லை. குழாய் உடைந்து தெருவில் ஆறு ஓடியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடந்து, இந்த வருடம் வெயில் பரவாயில்லை என்று பேசிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுக, பிள்ளைகள் குடைக்குள் பரீட்சை எழுதினார்கள். குடையை ஒழுங்காகப் பிடித்தவர்களுக்கு ஆசிரியர் ஐந்து மதிப்பெண் சேர்த்துப் போட்டார். ஒவ்வொரு தேர்தலிலும் மருந்துக்கடைக்காரரின் வாக்கு வித்தியாசம் ஏறியது. நாம் முட்டாள்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் வலிக்காத பல்லை யார் பிடுங்குவார்? பிறகு ஒரு லாரி வேலைநிறுத்தம் வந்தது. மாத்திரைப் பெட்டி இரண்டு நாள் வரவில்லை. இரண்டாம் நாள் மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குத் தொகுதி முழுவதும் ஒரே குரலில் "ஐயோ" என்றது. வாய்க்கால் தெருவில் ஒரு பெண்மணி, கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தவர், குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ஏங்க, எத்தனை நாளா இப்படி இருக்கு?"

கணவர் யோசித்தார். "நம்ம கல்யாணத்துக்கு அப்புறந்தான்னு நினைக்கிறேன்."

வாய்க்கால் சுவர் இடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அடுத்த தேர்தலில் மருந்துக்கடைக்காரரின் வாக்குகளை எண்ண ஒரு கை விரல்கள் போதுமாக இருந்தன, அதில் ஒன்று அவருடையது.

அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்று இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தவர் கண்டக்டரம்மா. நாற்பதாம் எண் பேருந்தில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாய்க்கால்வரை, தலைமாடு கால்மாடாக, நின்றபடியே போய்வந்தவர். சின்னம் விசில். வென்றதாக அறிவித்ததும் வழக்கம்போல நாலாவது நிமிடத்தில் பாதம் நனைந்து, காது இரைந்து, முழங்கால் தடதடத்தது. மேடையில் நின்றவர்கள் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினார்கள். கண்டக்டரம்மா தோள்பட்டையை ஒருமுறை குலுக்கிச் சரிசெய்துகொண்டு, "பழகின ரூட்டுதான்" என்றார். அவர் கணவர் தையல்காரர். மணிக்கூண்டுத் தெருவில் கடை, பின்னால் வீடு; பள்ளிச் சீருடை, சட்டை, கால்சட்டை, கிழிந்த கோட்டு. காலையில் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, "இன்னைக்கு எங்க?" என்று கேட்பார். "வலது தோள்பட்டை, ரெண்டாவது குறுக்குத் தெரு" என்று பதில் வரும். உடனே மாநகராட்சிப் பொறியாளருக்குத் தொலைபேசி போகும். அந்தப் பொறியாளர் முதலில் சட்டம் பேசிப் பார்த்தார், மனு கேட்டார், படிவம் கேட்டார். ஒரு வருடத்தில் பழகிவிட்டார். காலை எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டு, "உடம்பு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார், அது நலம் விசாரிப்பு அல்ல, அன்றைய வேலைப் பட்டியல். "மூக்கு அரிக்குது தம்பி, சோப்புக் கம்பெனில மறுபடி மூடியைத் திறந்து வச்சுட்டாங்க போல" என்றால் பத்து மணிக்குள் ஆள் போகும். ஒன்பது வருடத்தில் தொகுதி தேறிவிட்டது. வாய்க்கால் சுவர் எழுந்தது. காதில் இரைச்சல் இடைவேளை மணிக்கு மட்டும் வந்தது. கண்டக்டரம்மாவின் பாதம் மழைக்காலத்தில் மட்டும் லேசாகக் குளிரும், அவ்வளவுதான். இரண்டாம் தடவை அவரை எதிர்த்து நிற்க ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவரும் பிரசாரத்தில் அவருக்குத்தான் ஓட்டுக் கேட்டார்.

நன்றாக இருக்கும் இடத்துக்கு ஆட்கள் குடிவருவார்கள். தலை எண்ணிக்கை கூடியது, மறுவரையறை ஆணையம் கோப்பைத் திறந்தது, பதினேழாம் தொகுதியைத் தலைமாடு பதினேழு, கால்மாடு பதினெட்டு என்று இரண்டாக வெட்டுவதென்று முடிவானது. தலைமாட்டுக்காரர்கள் மனு போட்டுக் கேட்ட விஷயம்தான் அது. கால் நனைகிற வரலாறு தங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் நினைத்தார்கள். கோடு மணிக்கூண்டுத் தெருவின் நட்டநடுவில், மயிரிழை பிசகாமல் போனது. வரைவு அரசிதழில் வெளியான காலையில் கண்டக்டரம்மாவின் இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு விழுந்தது, இறுக்கமான பெல்ட்டைக் கழற்றினால் தெரியுமே, அதுபோல. முதல் வாரம் நூல் அகலம். இரண்டாம் வாரம் அதற்குக் கீழே மரத்துப்போக ஆரம்பித்தது. மருத்துவமனையில் பார்த்துவிட்டு, கோடு உள்நோக்கிப் போகிறது, அமலுக்கு வரும் முதல் தேதி காலை பத்து மணிக்கு அது வெறும் கோடாக இருக்காது என்றார்கள். ராஜினாமா செய்து பயனில்லை; வலியை வாங்கிக்கொள்ள அடுத்தவர் ஜெயிக்க வேண்டும், புதிய எல்லைப்படி தேர்தல் நடக்க முதல் தேதிக்குப் பிறகும் எட்டு மாதம் இருந்தது. பதவியை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாமா என்று கணவர் கேட்டதற்குக் கண்டக்டரம்மா, "வண்டி டெப்போவுக்குப் போற வரைக்கும் கண்டக்டர் இறங்க முடியாதுல்ல" என்றார். தையல்காரர் தினமும் காலையில் டேப்பை எடுத்து மனைவியின் இடுப்பை அளந்து, அளவை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு சுருட்டி வைத்தார். ஒருநாள் கடைக்குள் நடந்து வந்த கண்டக்டரம்மாவின் பாதத்தில் குண்டூசி ஒன்று தலைவரை ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. தையல்காரர் குனிந்து அதைப் பிடுங்கிச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, மிஷினில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் தைத்த சீருடைச் சட்டையில் இரண்டு கையும் ஒரே பக்கம் இருந்தன.

முதல் தேதிக்கு ஆறு நாள் முன்பு எல்லை அதிகாரி வந்தார். இருபத்தாறு வருடமாகக் கோடு போடுவதே வேலை. சோற்றைக்கூட நேர்கோட்டில் சாப்பிடுபவர் என்று அவர் அலுவலகத்தில் சொல்வார்கள். கண்டக்டரம்மாவின் இடுப்பு விவரத்தை அவர் நம்பாமல் இல்லை; எந்த விதியின் கீழ் அதைப் பரிசீலிப்பது என்றுதான் கேட்டிருந்தார். கோடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மணிக்கூண்டுத் தெருவில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது, சுத்தியலை ஓங்கிய வேகத்தில் அவர் கோட்டு அக்குளில் படாரென்று கிழிந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பைப் பிடித்தபடி கடை வாசலில் நின்ற கண்டக்டரம்மாதான் கூப்பிட்டார்.

"சார், உள்ள வாங்க. எங்க வீட்டுக்காரர் தைச்சுத் தருவாரு."

அதிகாரி கூச்சத்தோடு கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். தையல்காரர் அதை உட்புறமாகத் திருப்பிக் கிழிசலை வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதைத் தைக்க முடியாது சார்."

"ஏன் மாஸ்டர்? சின்னக் கிழிசல்தானே?"

"வெட்டினவன் அளவுக் கோட்டு மேலேயே வெட்டியிருக்கான். இங்க பாருங்க, உள்ளுக்குள்ள துணியே விடல. ஊசி எதைப் பிடிக்கும்? அளவு எடுத்துக் கோடு போட்டா, கோட்டைத் தாண்டி அரை இஞ்ச் தள்ளித்தான் வெட்டணும். தையலுக்கு இடம் விடணும். இல்லேன்னா முதல் தடவை கையைத் தூக்கினதும் பிரிஞ்சுக்கும்."

"அந்த அரை இஞ்ச் எந்தப் பக்கத்துக்குச் சொந்தம்?" அதிகாரிக்கு அது முக்கியமான கேள்வி.

"ரெண்டு பக்கத்துக்கும். ரெண்டையும் சேர்த்துத்தானே தைக்கிறோம்? கைக்குன்னும் கிடையாது, உடம்புக்குன்னும் கிடையாது." தையல்காரரின் குரல் அங்கே உடைந்தது. அவர் கோட்டைப் பார்த்துப் பேசவில்லை, மனைவியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "நீங்க எங்க வீட்டு அம்மாவையும் கோட்டு மேலேயே வெட்டுறீங்க சார். கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

"இவர் ஒருத்தர்," என்றார் கண்டக்டரம்மா. "கஸ்டமர்கிட்ட அழறதுக்கு முன்னாடி அவருக்கு உக்கார ஸ்டூலாவது போடக் கூடாதா?"

அதிகாரி ஸ்டூலில், சட்டையோடு, வெட்டுமேஜை எதிரில் உட்கார்ந்தார். கைப்பெட்டியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். கோடு எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும், ஆற்றைக் கண்டால் என்ன செய்ய வேண்டும், மயானத்தை எந்தப் பக்கம் சேர்க்க வேண்டும், எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். இருபத்தாறு வருடத்தில் தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"கோடு எவ்வளவு அகலம் இருக்கணும்னு எங்கயுமே எழுதல மாஸ்டர்."

வரைபடத்தை வெட்டுமேஜையில் விரித்தார். பேனாவைத் தேடி அக்குள் கிழிந்த கோட்டுக்குக் கை நீட்டினார். அதற்குள் தையல்காரர் துணியில் கோடு போடும் சாக்கட்டிப் பெட்டியை நகர்த்தி வைத்தார். அதில் கூர்மையாகச் சீவியது இரண்டு இருந்தது. அவற்றை ஒதுக்கிவிட்டு, தேய்ந்து மழுங்கி விரல் நகம்போல் ஆகிவிட்ட பழைய சாக்கட்டியை எடுத்து அதிகாரியின் கையில் வைத்தார். அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார், அளவுகோலை வைத்து, தன் வாழ்க்கையிலேயே தடிமனான கோட்டை நீல நிறத்தில் இழுத்தார். வரைபடத்தில் அது மூன்று மில்லிமீட்டர். தரையில் ஐம்பது அடி. மணிக்கூண்டுத் தெருவும், இரண்டு பக்க நடைபாதையும், வீடுகளின் முன்னறைகளும் கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. கோட்டுக்குள் வருவது இரண்டு தொகுதிக்கும் பொது என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டார். புதிய கோட்டு வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கச் சொல்லி, இருந்த கிழிசலுக்கு உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தையல்காரர் ஒருமாதிரி தைத்துக் கொடுத்தார். அதிகாரி கூலி கொடுத்தார், தையல்காரர் வாங்கவில்லை, லஞ்சம் ஆகிவிடும் என்று அதிகாரி பயந்துபோய் மேஜையில் வைத்துவிட்டு ஓடினார்.

முதல் தேதி காலை பத்து மணிக்குத் தையல்கடையில் கூட்டம் நிற்க இடமில்லை. பொறியாளர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மணிக்கூண்டு அடிக்க ஆரம்பித்ததும் கண்டக்டரம்மா தையல் மிஷினின் விளிம்பை, பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி நின்று, இரண்டு விசில் கொடுத்து, "போலாம், ரைட்" என்றார். பத்தாவது அடியில் இடுப்பைச் சுற்றி ஏதோ சுருக்கென்று இழுத்ததாகவும், நூல் ஓடுவதுபோல் ஓடி முடிச்சு விழுந்து நின்றதாகவும் பிறகு சொன்னார். கண்டக்டரம்மா ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தார். "ஆ!" என்று அலறினார்.

"என்ன? என்ன ஆச்சு?" தையல்காரர் தரையில் மண்டியிட்டார். பாதத்தில் குண்டூசி. "வலிக்குதா?"

"வலிக்காம? தரையெல்லாம் ஊசியக் கொட்டி வச்சிருந்தா வலிக்காம என்ன பண்ணும்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஒரு டப்பாவுல போட்டு வைக்கணும்னு?"

திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நாம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த சிவப்புக் கோடு நீலமாகி, ஒழுங்கான சின்னச் சின்னத் தையலாக, இரண்டு விரல்கடை அகலத்தில் நின்றுவிட்டது. அதன் கீழே ஒன்பது வருடம் கழித்துக் கண்டக்டரம்மாவின் கால்கள் அவருக்கே சொந்தமாயின. முழங்காலில் ரயில் இல்லை. பாதம் காய்ந்திருந்தது. முதல் இரண்டு நாள் அவருக்கு அது பிடிக்கவில்லை, ரயில் நேரம் தெரியாமல் சமையல் தள்ளிப்போனது.

உறுப்பினர் இல்லாத அந்த எட்டு மாதம் கால்மாட்டுக்காரர்கள் அனாதைகளாகிவிடவில்லை. தையல் வழியாக ஈரம் ஏறி வந்தது. மழை பெய்த காலையில் பொறியாளரைக் கூப்பிட்டு, "என் தொகுதி இல்ல தம்பி, எனக்குப் பேச அதிகாரமும் இல்ல. ஆனா இடுப்பு நனையுது" என்பார் கண்டக்டரம்மா. ஐந்தாவது தடவை அப்படிக் கேட்டதும் பொறியாளர் வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பதினெட்டாம் தொகுதியில் நின்றார். மருத்துவச் சான்றிதழில் தட்டைப் பாதம் என்று இருந்ததை எதிர்க்கட்சி பெரிதாக்கிப் பார்த்தது, எடுபடவில்லை. மணிக்கூண்டுத் தெருக்காரர்கள் இடது கையில் மை வைத்துப் பதினேழுக்கும், வலது கையில் மை வைத்துப் பதினெட்டுக்கும் வாக்களித்தார்கள். முன்னறையில் இருந்த நேரத்துக்கு இரண்டு ஓட்டு, சமையலறைக்கு ஒன்று என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தேர்தல் அலுவலர்கள் பார்த்துக்கொள்வார்கள். பதினேழில் கண்டக்டரம்மாவே மறுபடி ஜெயித்தார். பதினெட்டில் ஜெயித்த நாலாவது நிமிடத்தில் பொறியாளரின் காலுறை நனைந்தது. கைகுலுக்கல்களை விலக்கிக்கொண்டு போய் அவர் செய்த முதல் காரியம் கண்டக்டரம்மாவைக் கூப்பிட்டதுதான்.

"இதோடயா ஒன்பது வருஷம் இருந்தீங்க?"

"உலர்ந்த காலுறை ரெண்டு ஜோடி பையில வச்சுக்கோ தம்பி," என்றார் கண்டக்டரம்மா.

இப்போது சட்டசபையில் இருவருக்கும் எதிரெதிர் வரிசை. அவர் கட்சிக்காரர், இவர் சுயேச்சை, கொள்கை வேறு, ஒருவர் கொண்டுவரும் தீர்மானத்தை மற்றவர் கிழித்துத் தோரணம் கட்டுவார். ஆனால் மணிக்கூண்டுத் தெருவைப் பதினொரு மணிக்குத் தூசி பறக்கப் பெருக்குவார்கள். முதல் கூட்டத்தொடரில், நிதியமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது, சரியாகப் பதினொன்றுக்கு, அந்த வரிசையிலிருந்து ஒன்றும் இந்த வரிசையிலிருந்து ஒன்றுமாக ஒரே கணத்தில் இரண்டு தும்மல் வந்தது. நிதியமைச்சர் நிறுத்திவிட்டார். அவைத் தலைவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பதினேழும் பதினெட்டும் தும்மி முடிச்சாச்சா? அமைச்சர் தொடரலாம்" என்றார். வானொலி நேரடி ஒலிபரப்பில் அதைக் கேட்ட தையல்காரர், மிதிக்கும் காலை நிறுத்தாமலே, தையல் பிடித்திருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அவைக் குறிப்பு எழுதுபவர் முதல் வாரம் இருவர் பெயரையும் தனித்தனியாக எழுதினார். பிறகு, 11.00, தும்மல் என்று மட்டும் எழுதினார். இந்த வருடத்துக் குறிப்பேட்டில் அந்த வரியை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள்.